ஊற்றாத சொட்டுக்கும் ஒரு டிக்

ஆகஸ்ட் 18, திங்கள்

பஸ் முதலாளிகள் சங்கத்தில் ஜனவரியில் கொடுத்த டைரி. எட்டு மாதமாகப் பீரோ மேல் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்ததற்குக் காரணம் திருநெல்வேலிக் கண் டாக்டர். "எப்போ ஊத்துனீங்க, கண்ணு எப்படி இருந்துச்சுன்னு குறிச்சு வைங்க சார்" என்றார். குறித்து வைப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருபத்தொன்பது வருஷமாகச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் தனியார் வண்டிகளுக்கு நான்தான் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவதே பிழைப்பு. இந்தக் குத்தாலிங்கம் எழுதியதற்கு மேல் ஒரு டிரைவர் வாயைத் திறக்க முடியாது.

கண் எனக்கில்லை, என் மனைவி ஆவுடைக்கு. வயது ஐம்பத்து மூன்று. ஆறு வருஷத்துக்கு முன் பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்தது. அப்புறம் விரல் தோல் இறுகி, விரல்கள் உள்பக்கமாக மடங்கி, நிமிராமலே போயின. அப்புறம் முகம். தோல் எலும்போடு ஒட்டிப் பளபளவென்று ஆகிவிட்டது. வாய் சின்னதாகிவிட்டது. இட்லியைக் கிள்ளிக் கிள்ளித்தான் உள்ளே தள்ள வேண்டும். மூட்டு டாக்டர் சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ் என்றார். தோல் மட்டுமல்ல, உள்ளேயும் இறுகும் நோயாம். கண்ணையும் பிடிக்கும் என்று அவர் சொன்னாரா என்று ஞாபகமில்லை. சொல்லியிருப்பார். நான் வண்டி நேரத்தை நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

டாக்டர் ரெஜினா கீழ் இமைக்குள் ஒரு சின்னத் தாளை மடித்து மாட்டினார். ஐந்து நிமிஷம். நல்ல கண் என்றால் தாள் பாதியாவது நனையுமாம். ஆவுடையின் தாள் போட்டபடியே வெள்ளையாக வந்தது. கண்ணை மூடச் சொன்னார். மூடினாள். மூடின பிறகும் இமைக்கு அடியில் வெள்ளை விழி ஒரு கோடாகத் தெரிந்தது. முப்பது வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிறேன். இதை நான் கவனித்ததில்லை.

"இமைத் தோலும் இறுகிடுச்சு, கண்ணீரும் சுரக்கல. கண்ணு திறந்தபடியே காயுது. ரெண்டு மணிக்கு ஒரு தடவை சொட்டு, படுக்கும்போது களிம்பு. இவங்க விரலால பாட்டிலை அமுக்க முடியாது. நீங்கதான் ஊத்தணும். பாட்டில் நுனி கண்ணுல படவே கூடாது."

வீட்டுக்கு வந்ததும் ஸ்கேல் வைத்து அட்டவணை போட்டேன். காலை ஆறு முதல் இரவு பத்து வரை ஒன்பது கட்டம். ஊற்றினால் ஒரு டிக். டைம் ஆபீஸுக்குப் பின் தெருவில்தான் வீடு. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் வந்து ஊற்றிவிட்டுப் போகலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

ஒன்பதுக்கு ஒன்பது. முதல் நாள் பாதி மருந்து கன்னத்தில்தான் போனது. இன்று பழகிவிட்டது. அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தலையைச் சாய்த்து, கீழ் இமையை இடது கையால் இழுக்க வேண்டும். இழுத்தால் எளிதில் வராது. தோல் அப்படி.

பன்னிரண்டு மணிச் சொட்டுக்குப் பத்து நிமிஷம் தாமதம். கழுகுமலை வண்டியோடு ஒரு தகராறு. உள்ளே நுழையும்போதே சொன்னாள்: "டைம் கீப்பர் லேட்டு. எழுதி மேலிடத்துக்கு அனுப்பணும்."

"மேலிடம் யாருளா?"

"நாந்தான். வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?"

அவள் சிரிக்கிறாளா என்று இப்போதெல்லாம் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிவதில்லை. குரலை வைத்துத்தான். மகள் ஓசூரில் இருந்து வீடியோவில் கூப்பிட்டால்கூட ஆவுடை போனைத் திருப்பிச் சுவரைக் காட்டிக்கொண்டு பேசுகிறாள்.

ஆகஸ்ட் 23, சனி

கோவில்பட்டியில் இருந்து தங்கச்சி செண்பகம் வந்திருந்தாள். மகளுக்கு 29ஆம் தேதி முகூர்த்தம். நான் தாய்மாமன். முந்தின நாள் சாயங்காலமே மேளத்தோடு சீர்த்தட்டு கொண்டு போக வேண்டும். எங்கள் வழக்கத்தில் முதல் தட்டை மாமன் பெண்டாட்டிதான் எடுக்க வேண்டும்.

ஆவுடைக்கு அரக்குச் சேலை ஒன்று எடுத்து வந்திருந்தாள். நல்ல சேலை. மயினிக்கு இந்த உடம்போடு அலைச்சல் வேண்டாம் என்பது செண்பகத்தின் அபிப்பிராயம். எனக்கும் அது சரி என்றே பட்டது. புகை, கூட்டம், ஓமகுண்டம் எதுவும் அந்தக் கண்ணுக்கு ஆகாது.

ஒன்பதுக்கு எட்டு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டு, வளையத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு, ஆவுடையே டைம் ஆபீஸுக்கு வந்துவிட்டாள். ராஜபாளையம் வண்டியில் புதிதாக வந்திருக்கும் கண்டக்டர் பையன், "அண்ணாச்சி, ஒங்கம்மா தூக்குவாளியோட நிக்காக" என்றான். நான் பதில் சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது.

இனிமேல் வெயிலில் வர வேண்டாம், கண்ணுக்கு ஆகாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றாள்.

ஒன்பதுக்கு ஒன்பது.

ஆகஸ்ட் 28, வியாழன்

மூன்று மணி வண்டிக்குக் கோவில்பட்டி போகிறேன். மருந்து பாட்டிலைக் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்திருக்கிறேன். மூடியைத் தளர்த்தியாகிவிட்டது. "போயிட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போகலாம்தான். அப்புறம் ஏன் கூட்டிப்போகவில்லை என்று அந்த அம்மாள் ஆயிரம் கேட்பாள்.

ஆகஸ்ட் 30, சனி

காலை பதினொன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்தேன்.

கல்யாணம் ஜோர். சீர் ஊர்வலத்தில் இரட்டை மேளம். எனக்குப் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, மணமேடைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் "மாமா, மாமா" என்று சுற்றி வந்தார்கள். முதல் தட்டை என் சித்தப்பா மகன் பெண்டாட்டி எடுத்தாள். ஆவுடை எங்கே என்று கேட்காத வாய் இல்லை. காய்ச்சல் என்று சொன்னேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நேற்று ராத்திரியே புறப்பட்டிருக்கலாம். மாப்பிள்ளையின் அப்பா விடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஆவுடை ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுப் படுத்திருந்தாள். வலது கண் ரத்தச் சிவப்பு. "மண்ணு விழுந்தாப்புல இருக்கு" என்றாள். ஊற்றினேன். எரிகிறது என்றாள்.

சாயங்காலம் அட்டவணையைச் சரிக்கட்டினேன். வியாழன் மதியத்தில் இருந்து இன்று காலை வரை காலியாக இருந்தது. டைம் ஆபீஸில் இது நடப்பதுதான். ஒரு வண்டி வந்தபோது நான் டீக்கடையில் இருந்திருப்பேன். கட்டம் காலியாக இருந்தால் சங்கத்தில் கேள்வி வரும். சாயங்காலம் உட்கார்ந்து எழுதிவிடுவோம். ஒரே பேனாவில் எழுதினால் தெரிந்துபோகும் என்று நீலம் கொஞ்சம், கறுப்பு கொஞ்சம். இதிலும் அப்படியே. டாக்டரம்மாளிடம் போய் வசவு வாங்குவானேன்.

செப்டம்பர் 1, திங்கள்

ஆவுடை வெளிச்சத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. வலது கண்ணால் பார்த்தால் என் முகம் புகைக்குள் இருக்கிறதாம். கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

"அந்த ரெண்டு நாளும் எப்படி ஊத்துன?" என்று இன்றுதான் கேட்டேன்.

"தரையில மல்லாக்கப் படுத்துக்கிட்டு, பாட்டிலை ரெண்டு மணிக்கட்டுக்கும் நடுவுல வச்சு அமுக்குனேன். மொதல்ல ஒரு சொட்டு விழுந்துச்சு. பெறவு விழல. நல்லாக் கிட்ட வச்சு அமுக்குனேன். நுனி கண்ணுல இடிச்சிருச்சு."

"எப்போ?"

"நீங்க போன அன்னிக்கு ராத்திரி. பெறவு நான் தொடல. பயமா இருந்துச்சு."

"எனக்குப் போன் பண்ணிருக்கலாம்லா?"

"மாமன் சீர் வச்சிக்கிட்டு இருக்கையில போனா பண்ணுவாக?"

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவ ஒன்றும் அதிகமில்லை. இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை என்று அப்போது தெரிந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

திருநெல்வேலி. டாக்டர் மஞ்சள் மருந்தைக் கண்ணில் ஊற்றி, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியில் புண். "கண்ணுல ஏதாச்சும் பட்டுச்சாம்மா?" என்று கேட்டார். ஆவுடை என் பக்கம் முகத்தைத் திருப்பாமலே, "இல்ல டாக்டர்" என்றாள்.

"மருந்து ஒழுங்கா ஊத்துனீங்களா?"

நான் அட்டவணையை எடுத்து நீட்டினேன். நீட்டின கையைப் பாம்பு கடித்திருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது ஒரு பெருமைகூட இருந்தது.

டாக்டர் அதை முழுக்கப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரும்மா. டைம் போட்டு, டிக் போட்டு. படிச்ச வீட்டுலகூட இப்படிச் செய்யறதில்ல. எல்லாருக்கும் இவரை மாதிரி ஒருத்தர் இருந்தா எனக்கு வேலையே இல்ல." நர்ஸ் என்னைப் பார்த்து, "சார், அம்மா கொடுத்து வச்சவங்க" என்றாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஆவுடை கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பரிவட்டம் கட்டியபோது கூசாத உடம்பு அந்த நாற்காலியில் கூசியது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புண்ணுக்குப் புது மருந்து எழுதினார். இனி மணிக்கு ஒரு தடவை. அட்டவணையை ஃபைலில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 4, வியாழன்

இரண்டு நாள் லீவு போட்டு மணிக்கு மணி ஊற்றுகிறேன். எனக்குப் பதிலாக டைம் ஆபீஸில் இருக்கும் ஆள் மைக்கில் கத்துவது வீடு வரை கேட்கிறது. வலி கொஞ்சம் தேவலை என்கிறாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாளோ என்னவோ.

செப்டம்பர் 5, வெள்ளி

புண் பெரிதாகவில்லை. ஆனால் ஆறவும் இல்லை.

டாக்டர் என்னையும் உட்காரச் சொன்னார். "வெளி ஓரத்துல மேல் இமையையும் கீழ் இமையையும் சேர்த்துத் தைச்சிடலாம்னு பார்க்கிறேன். கண்ணு பாதி மூடியே இருக்கும். காயாது. மத்தவங்களுக்கு இது சின்ன வேலை. இவங்களுக்கு அப்படி இல்ல. இறுகின தோல், ரத்த ஓட்டம் கம்மி. தையல் போட்ட இடமே ஆறாமப் புண்ணாகலாம். அதான் யோசனை. ஆனா நீங்க இவ்வளவு ஒழுங்கா ஊத்தியும் கண்ணு இப்படிக் காஞ்சு புண்ணாகியிருக்குன்னா, இனிமே சொட்டு மருந்தை நம்பி இருக்க முடியாது. கருவிழி ஓட்டை விழுந்தா கண்ணே போயிடும்."

திங்கட்கிழமை காலை என்று தேதி கொடுத்தார்.

இவ்வளவு ஒழுங்கா ஊத்தியும். பஸ்ஸில் வரும்போது அந்த ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வந்தது. நான் போட்ட டிக்கை நம்பி அந்தம்மாள் ஊசியை எடுக்கப் போகிறார்.

மானூர் தாண்டும்போது ஆவுடை கேட்டாள்: "தைச்சா அசிங்கமாத் தெரியுமோ?"

"இல்ல."

"இப்ப இருக்கறதுக்கு மேல என்ன அசிங்கம், இல்லையா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செப்டம்பர் 6, சனி

மணிக்கு மணி ஊற்றினேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பின்பக்கம் திரும்பிப் படித்தேன். இந்த டைரியிலேயே சரிக்கட்டியிருக்கிறேன். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும். பழக்கதோஷம் எங்கே போகும்?

23ஆம் தேதி செண்பகம் சொன்னதாக எழுதியது பொய். அவள் ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு, "மயினி, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். மொதத் தட்டை மட்டும் தொட்டுக்கிடுங்க, தூக்க ஆள் இருக்கு. நீங்க இல்லாம எம் மகளுக்குச் சீர் வேண்டாம்" என்றாள். ஆவுடை அந்த அரக்குச் சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். தங்கச்சி பஸ் ஏறின பிறகு நான்தான், "புகைக்கு ஒன் கண்ணு தாங்காதுளா" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமா, தாங்காது" என்றாள். சேலையைப் பீரோவில் வைத்துவிட்டாள்.

26ஆம் தேதி வண்டி எதுவும் வரவில்லை. கண்டக்டர் பையன் "ஒங்கம்மா" என்றதும் நான், "ஆமாடே, அங்க வச்சிட்டுப் போகச் சொல்லு" என்றேன். ஆவுடை நாலடி தள்ளித்தான் நின்றாள். கண்தான் அவளுக்கு மங்கலே தவிர காது நன்றாகவே கேட்கும். தூக்குவாளியைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள்.

29ஆம் தேதி மாப்பிள்ளையின் அப்பா என்னை நிறுத்தவில்லை. அவருக்கு நான் இருந்தேனா போனேனா என்றே தெரிந்திருக்காது. கோவில்பட்டியில் இருந்து கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். மண்டப வாசலில் நின்று அது திரும்பிப் போவதையும் பார்த்தேன். நாலு பேர் "மாமா" என்று கூப்பிடுகிற இடத்தை விட்டு வர மனசில்லை.

வெட்கமாக இருந்தது. அதுதான் காரணம். அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மேடையில் நிற்க வெட்கமாக இருந்தது. இதை எழுதுவதற்கு இத்தனை நாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு நன்றாக வெந்திருக்கிறது என்று பாராட்டும் வாங்கி வந்திருக்கிறேன்.

நாளைக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று இப்போதும் அதைத்தான் யோசிக்கிறேன். இமை தைக்கப்படப் போவது அவளுக்கு. யோசனை என் முகத்தைப் பற்றி.

செப்டம்பர் 8, திங்கள். மாலை நாலரை மணி

ஆஸ்பத்திரி வார்டில் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கே ஆவுடைக்குப் பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். வலது கண்ணுக்கு மேல் புருவத்தில் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டார்கள், கண் மாறிவிடக் கூடாது என்று. நர்ஸ் சம்மதக் கையெழுத்துக்குத் தாளை நீட்டினாள். போன வாரம் பாராட்டின அதே நர்ஸ். "இங்க போடுங்க சார்" என்று விரல் வைத்துக் காட்டினாள். பேனாவை வைத்துவிட்டு, டாக்டரைப் பார்க்கணும் என்றேன். இப்போது முடியாது என்றாள். பார்த்தால்தான் கையெழுத்து என்றேன். குரல் எனக்கே மைக்கில் கேட்பது போல இருந்தது. வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் ரெஜினா தியேட்டருக்குப் போகும் வழியில் தொப்பியோடு வந்தார். ஆவுடையையும் உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தேன். அவள் இல்லாதபோது சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன்.

"அந்த அட்டவணை பொய் டாக்டர்" என்றேன். "28 மத்தியானத்துல இருந்து 30 மத்தியானம் வரைக்கும் யாரும் ஊத்தல. நான் ஊர்ல இல்ல. வந்து உட்கார்ந்து டிக் போட்டேன். இவ தனியா ஊத்திப் பாத்து, பாட்டில் நுனி கண்ணுல இடிச்சிருச்சு. அதுக்குப் பெறவுதான் புண்ணு."

டாக்டர் ஆவுடையைப் பார்த்தார். "பட்டுச்சான்னு கேட்டேனேம்மா?"

ஆவுடை மடங்கின விரல்களை அங்கிக்குள் இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் ஃபைலைத் திறந்து அந்தத் தாளை வெளியே எடுத்தார். "சார், இதைப் பார்த்துத்தான் நான் தைக்கலாம்னு முடிவு பண்ணினேன். சொட்டு போட்டும் கேக்காத கண்ணுன்னு நெனச்சேன். இது சொட்டே போடாத கண்ணு. அதுலயும் அடிபட்ட கண்ணு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற. புரியுதா?"

"புரியுது."

"அந்த ரெண்டு நாள் எங்க போயிருந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆவுடை முந்திக்கொண்டாள்.

"இவுக தங்கச்சி மக கல்யாணம் டாக்டர். எனக்குக் காய்ச்சல். அதான் நான் போகல. இவுக தாய்மாமன்லா, போகாம இருக்க முடியுமா?"

காய்ச்சல். அந்தச் சொல்லை நான் கோவில்பட்டியில் மட்டும்தான் சொன்னேன். வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது, எத்தனை நாளாகத் தெரியும் என்று அந்த இடத்தில் கணக்குப் பார்க்க முடியவில்லை. அம்பு போட்ட முகத்தை டாக்டர் பக்கம் வைத்துக்கொண்டு, எனக்காக என் பொய்யையே அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் இல்ல டாக்டர்" என்றேன். "நல்லாத்தான் இருந்தா. வர ஆசையாத்தான் இருந்தா. நாலு பேர் முன்னால கூட்டிட்டுப் போக எனக்கு வெக்கமா இருந்துச்சு."

டாக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். இன்றைக்குத் தையல் இல்லை. ஒரு வாரம் வார்டில் படுக்கை. புண்ணைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மணிக்கு மணி நர்ஸ்தான் ஊற்றுவாள். ஆறினால் தையலே வேண்டாம். ஆறாவிட்டால் பார்ப்போம். ஆறினாலும் தழும்பு இருக்கும், பார்வை எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது. இதையெல்லாம் அவர் ஆவுடையிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. சரிதான்.

வார்டில் எட்டுக் கட்டில். ஆவுடைக்கு ஜன்னலில் இருந்து தள்ளி, நாலாவது. படுக்க வைத்து, தலையணையைச் சரி பண்ணினேன். நர்ஸ் வந்து ஊற்றிவிட்டுப் போனாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவளே பேச்செடுத்தாள்.

"நீங்க போன அன்னிக்குச் சாயங்காலமே செண்பகம் போன் பண்ணுனா. 'மயினி, காய்ச்சல் விட்டிருச்சா?'ன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? விட்டிருச்சுன்னேன்."

"ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா என்ன செய்வீய? இன்னொரு பொய் சொல்லணும். ஒங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

பக்கத்துக் கட்டில் கிழவி ரேடியோ சத்தத்தைக் குறைத்தாள். நாங்கள் பேசுவதைக் கேட்பதற்குத்தான்.

"டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்லா" என்றேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல நினைத்து, வந்தது இதுதான்.

"அந்தம்மா கேட்டது மருந்து ஊத்துனீயளா இல்லையான்னு. ஒங்க வெக்கத்தை அவுக கேக்கல. அது எங்கிட்டல்லா சொல்லணும்? டாக்டர் முன்னால வச்சுச் சொன்னா நான் திருப்பி ஒண்ணும் கேக்க மாட்டேன்னு சொன்னீயளா?"

அப்படி நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவள் சொன்ன பிறகு அப்படியும் இருக்குமோ என்று பட்டது. அவள் கையைப் பிடித்தேன். மடங்கின விரல்கள் ஐஸாக இருந்தன.

"ஆவுடை, ஒன்னக் கூட்டிட்டுப் போக வெக்கப்பட்டேன். அந்தப் பய ஒங்கம்மான்னு கேட்டதுக்கு ஆமான்னேன். தப்பு."

"கேட்டுச்சு. நான் அங்கதான நின்னேன்."

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் இனி ஒன்றும் தெரியாது. கண்ணில் தண்ணீரும் வராது. அவள் அழுகிறாளா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழியும் இல்லை. குரலும் சாதாரணமாகவே இருந்தது.

"அங்க எத்தன பேரு கேட்டாக என்னைய?"

"எல்லாரும் கேட்டாக."

"எல்லார்கிட்டயும் காய்ச்சல்னு சொன்னீயளா?"

"ஆமா."

"மொதத் தட்டு யாரு எடுத்தா?"

சொன்னேன். அவள் தலையணையில் முகத்தை என் பக்கம் திருப்பினாள். அப்புறம், "செண்பகத்துக்குப் போன் போடுங்க" என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான். காய்ச்சல் விட்டும் வராம இருந்துட்டேன்னு அவ மனசுல கெடக்கும். சேலை எடுத்துக் குடுத்தவ. ஸ்பீக்கர்ல போடுங்க."

எட்டுக் கட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே போய்ப் பேசுகிறேன் என்று வாய் வரை வந்தது. அவள் கையை நான் பிடித்திருந்தேன். விட்டுவிட்டு எழுந்தால் ஏன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

நம்பரை அழுத்தினேன். இரண்டாவது மணி அடிக்கும்போதே செண்பகம் எடுத்துவிட்டாள். "சொல்லுங்கண்ணே. ஆப்பரேசன் முடிஞ்சுதா? மயினி எப்படி இருக்காக?"

"மயினி பக்கத்துலதான் இருக்கா. கேட்டுக்கிட்டு இருக்கா" என்றேன். கனைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்:

"செண்பகம், அன்னிக்கு ஒம் மயினிக்குக் காய்ச்சல் இல்ல."